ஓர்வியேத்தோ: கீழிருந்து மேலே பார்க்க வேண்டிய ஊர்

“ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் போகும் வழியில் ஒரு பகல் மிச்சமிருக்கிறது. ஓர்வியேத்தோவில் இறங்கலாமா? பேராலயத்தை விட்டால் அங்கே வேறு என்ன இருக்கிறது? அந்த ஊரின் வரலாறு என்ன?” என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக இறங்குங்கள். ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராகப் பேராலய வாசலுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு கிண்ணம் வெள்ளை ஒயின் குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். பேராலயம் அற்புதமானதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது நிற்கிற பாறையைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. அதனால் பாறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓர்வியேத்தோ ரயில் நிலையம் பாலியா ஆற்றின் சமவெளியில் இருக்கிறது. அங்கே இறங்கி அண்ணாந்து பார்த்தால், சுற்றிலும் செங்குத்தாக வெட்டிவிட்டது போன்ற ஒரு பாறை மேடை, அதன் உச்சியில் ஊர். பல இடங்களில் 50 மீட்டர் அளவுக்கு நேர்ச்சுவராக நிற்கும் பாறை அது. ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மேற்கே, இன்றைய போல்சேனா ஏரிப் பக்கம் வெடித்த எரிமலைகள் கக்கிய சாம்பலும் குழம்பும் படிந்து இறுகியதுதான் இந்தப் பாறை. இத்தாலியர்கள் இதைத் தூஃபோ என்பார்கள். வெட்டுவதற்கு மென்மையான கல்; வீடு கட்டுகிற அளவுக்கு உறுதியும் உண்டு. அதற்கு அடியில் இருப்பதோ பழங்காலக் கடலடிக் களிமண்.

இந்த ஊரின் கதை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. பாறையைக் கையால் குடையலாம், ஆகவே யார் வந்தாலும் குடைந்தார்கள். குடைந்தெடுத்த கல்லையே மேலே வீடாக அடுக்கினார்கள். ஆனால் மழைத்தண்ணீர் தூஃபோவில் தங்காது. கசிந்து கீழே களிமண் வரைக்கும் இறங்கிவிடும். அதனால் எதிரி ஏற முடியாத இந்த ஊருக்குத் தண்ணீர் மட்டும் எப்போதும் ஒரு கவலை.

முதலில் இங்கே நகரம் அமைத்தவர்கள் எத்ருஸ்கர்கள். ரோமாபுரி ஒரு பேரரசாக எழும்புவதற்கு முன் நடு இத்தாலியில் செல்வாக்கோடு இருந்த மக்கள். அவர்கள் இந்த ஊரை வெல்ஸ்னா என்றார்கள், ரோமானியர்கள் வொல்சீனீ என்றார்கள். எத்ருஸ்கர்களின் பன்னிரண்டு நகரங்களும் ஆண்டுதோறும் கூடி விழா எடுத்து, பொது விஷயங்களைப் பேசிய ஒரு புனித இடம் இருந்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். அதன் பெயர் ஃபானும் வொல்தும்னே, அதாவது வொல்தும்னா என்ற தெய்வத்தின் கோயில். அது எங்கே என்று பல காலம் தேடினார்கள். 2000ஆம் ஆண்டு முதல் ஓர்வியேத்தோ பாறையின் அடிவாரத்தில், காம்போ தெல்லா ஃபியேரா என்ற இடத்தில் நடந்துவரும் அகழாய்வில் கோயில்கள், பலிபீடங்கள், அகலமான ஊர்வலப் பாதை எல்லாம் வெளிவந்திருக்கின்றன. அந்தப் புனித இடம் இதுதான் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். இதில் என்னை மிகவும் கவர்ந்தது, அந்த இடத்தின் பெயர். காம்போ தெல்லா ஃபியேரா என்றால் ‘சந்தைத் திடல்’. எத்ருஸ்கர்கள் போன பிறகும், அவர்களுடைய தெய்வம் மறந்துபோன பிறகும், அங்கே ஜனங்கள் கூடுவது மட்டும் நிற்கவில்லை.

லிவி இன்னொரு விஷயமும் சொல்கிறார். வொல்சீனீயில் நோர்த்தியா என்ற விதித் தெய்வத்தின் கோயிலில் ஆண்டைக் கணக்கிட ஆணி அடித்து வைப்பார்களாம். ஒவ்வோர் ஆணியும் ஓர் ஆண்டு.

எத்ருஸ்கர்களை நேருக்கு நேர் சந்திக்க வேண்டுமானால் பாறையின் வடக்குச் சரிவில் இருக்கும் குரோச்சிஃபிஸ்ஸோ தெல் தூஃபோ என்ற இடுகாட்டுக்குப் போங்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடுகாடு என்றதும் மனதில் வருகிற மாதிரி இருக்காது. நேர் கோட்டில் தெருக்கள், இரு பக்கமும் தூஃபோ கல்லால் கட்டிய சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். பெரிய மாளிகையும் இல்லை, குடிசையும் இல்லை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. வாசலுக்கு மேலே இருக்கும் கல்லில் வலமிருந்து இடமாக எழுத்து வெட்டியிருப்பார்கள். ‘மி’ என்று தொடங்கும். எத்ருஸ்க மொழியில் ‘நான்’ என்று அர்த்தம். “நான் இன்னாருடையது” என்று கல்லறையே தன் உரிமையாளரின் பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயர்களில் எத்ருஸ்கர் அல்லாதவர்களின் பெயர்களும் உண்டு. வெளியூர்க்காரரும் வந்து குடியேறி, சொந்தக் கல்லறை கட்டும் அளவுக்கு ஊரோடு ஒன்றாகியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது இங்கே கிடைத்த பல பொருட்கள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. அது வருத்தம்தான். ஆனால் தெருக்களை யாரும் கொண்டுபோக முடியவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, பேராலயத்துக்கு அருகில் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் கொலீனி கல்லறை ஓவியங்கள். 1863இல் கண்டுபிடிக்கப்பட்டவை, கி.மு. 4ஆம் நூற்றாண்டு. மறு உலக விருந்து ஒன்றைத் தீட்டியிருக்கிறார்கள். பாதாள லோகத்து ராஜாவும் ராணியும் அதில் வீற்றிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பக்கம் அல்ல, சமையல்கட்டுப் பக்கம். வெட்டிய மாடு தொங்குகிறது, வேலையாட்கள் அரைக்கிறார்கள், அடுப்பைக் கவனிக்கிறார்கள், அவர்களுக்கு நடுவே ஒருவன் குழல் ஊதுகிறான். சமையல் வேலைக்கும் பாட்டு வேண்டும் என்று நினைத்த மனிதர்கள்.

அப்புறம் வந்தது கி.மு. 264. ஊருக்குள் பிரபுக்களுக்கும், விடுதலை பெற்று அதிகாரத்தைக் கையில் எடுத்த அடிமைகளுக்கும் மோதல். பிரபுக்கள் ரோமாபுரியைத் துணைக்கு அழைத்தார்கள். ரோமானியப் படை வந்தது, முற்றுகையிட்டது, முடிவில் நகரத்தையே இடித்துத் தள்ளிவிட்டு, மிஞ்சிய மக்களைப் போல்சேனா ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்க் குடியேற்றியது. ரோமானியர்கள் இந்தப் போருக்கு வந்ததே இங்கிருந்த 2,000 சிலைகளுக்காகத்தான் என்று ஒரு கிரேக்க எழுத்தாளர் பழித்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்து வைத்திருக்கிறார். பழியில் கொஞ்சமாவது உண்மை இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். படைத்தலைவர் மார்க்குஸ் ஃபுல்வியுஸ் ஃபிளாக்குஸ் வொல்சீனீயை வென்ற பிறகு காணிக்கை வைத்த பீடத்தின் கல்வெட்டுத் துண்டுகள் ரோமிலேயே சான்தொமொபோனோ என்ற இடத்தில் கிடைத்திருக்கின்றன. அந்தப் பீடத்தில் வெண்கலச் சிலைகள் நின்றிருந்த தடயங்களும் இருக்கின்றன.

கோயில் விழா மட்டும் அழியவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில், பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில்கூட, உம்பிரியா மக்கள் விழாவுக்கும் விளையாட்டுக்கும் வொல்சீனீ வரை மலைப்பாதையில் வரவேண்டியிருக்கிறது என்று முறையிட்டிருக்கிறார்கள். அதற்குப் பேரரசர் தந்த பதில் ஸ்பெல்லோ என்ற ஊரில் கல்வெட்டாக இருக்கிறது.

ஏரிக்கரையில் புதிய ஊர் உருவானதும் பாறை மேலிருந்த இடத்துக்கு ‘பழைய ஊர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. லத்தீனில் ஊர்ப்ஸ் வேத்துஸ். அதுதான் மருவி ஓர்வியேத்தோ. 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத் தளபதி பெலிசாரியுஸ் இதை, அப்போது இத்தாலியை ஆண்ட கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து பிடித்தபோது, ஏறிச் சண்டையிட முடியாமல் பட்டினி போட்டுத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

இடையில் பல நூற்றாண்டுகளைத் தாண்டிவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டில் ஓர்வியேத்தோ தன்னாட்சி நகரமாகச் செழித்தது. ரோமில் கலவரம் என்றால் போப்பாண்டவர்கள் பாதுகாப்பாக வந்து தங்கும் இடமும் இதுவே. இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் 1261 முதல் 1265 வரை இங்கேதான் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில்தான், 1263இல், போல்சேனாவில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த பொஹீமியக் குரு ஒருவரின் கையில் அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து பீடத்துணியில் சிந்தியதாக மரபு சொல்கிறது. துணியை ஓர்வியேத்தோவிலிருந்த போப் நான்காம் உர்பனிடம் கொண்டுவந்தார்கள். 1264 ஆகஸ்டில் அவர் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுவதுக்குமான விழாவாக இங்கிருந்து அறிவித்தார். வழிபாட்டுப் பாடல்களை எழுதித் தந்தவர் அக்குவினாஸ் என்பது மரபு. நம்மூர்க் கத்தோலிக்கக் கோவில்களில் நற்கருணை ஆசீரின்போது தமிழில் பாடுகிறார்களே, அந்தப் பாட்டின் லத்தீன் மூலம் இந்த விழாவுக்கான பாடல்களில் வருவதுதான். வேளாங்கண்ணியிலும் தூத்துக்குடியிலும் கேட்கிற பாட்டின் வேர் இந்தப் பாறை வரை ஓடுகிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பேராலயத்துக்கு 1290 நவம்பரில் அடிக்கல் நாட்டியவர் போப் நான்காம் நிக்கோலஸ். அந்த இரத்தத் துணிக்காகவே கட்டியது என்று பொதுவாகச் சொல்வார்கள். பழைய பேராலயம் பாழடைந்து கிடந்தது என்பதும் ஒரு காரணம். சில ஆண்டுகளில் கட்டடத்தின் உறுதியைப் பற்றிப் பயம் வந்துவிட்டது. 1310இல் சியேனாவிலிருந்து லொரென்சோ மைத்தானி என்ற சிற்பியைத் தலைமைப் பொறுப்புக்கு அழைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் முகப்பு அவருடைய கற்பனை. அவர் 1330இல் இறந்தார். அதன் பிறகு அந்திரேயா பிசானோ வந்தார், ஓர்கான்யா வந்து நடுவிலுள்ள வட்டச் சாளரத்தைச் செய்தார், பின்னும் பலர் வந்தார்கள். முகப்பு முடிய ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு ஆனது. அதன் வெண்கலக் கதவுகள் எமீலியோ கிரெக்கோ செய்தவை, பொருத்தியது 1970இல்.

முகப்பில் மின்னுகிற தங்க மொசைக்கைப் பார்த்ததும் கண் மேலே போய்விடும். அவற்றில் பெரும்பகுதி பிற்காலத்தில் மாற்றி அமைத்தவை. நீங்கள் முதலில் கீழே பாருங்கள், கதவுகளுக்கு இடையே இருக்கும் நான்கு அகலத் தூண்களை. இடது ஓரத்தில் உலகப் படைப்பு, அடுத்து ஈசாயின் மரம் (கிறிஸ்துவின் முன்னோர் வரிசையை மரமாகக் காட்டுவது), அப்புறம் கிறிஸ்துவின் வாழ்க்கை, வலது ஓரத்தில் இறுதித் தீர்ப்பு. எல்லாம் பளிங்கில் மெல்லிய புடைப்புச் சிற்பங்கள். ஆதாம் தூங்குகிறான், கடவுள் குனிந்து அவன் விலாவிலிருந்து எலும்பை எடுக்கிறார். அவ்வளவு கனிவாக, ஒரு வைத்தியரைப் போல. கண்மட்டத்திலேயே இருப்பதால் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் அன்று எல்லாம் புரிந்திருக்கும். வலது தூணில் நரகத்துக்குப் போகிறவர்களின் முகங்களையும் விட்டுவிடாதீர்கள்.

உள்ளே கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட தூண்கள். கருப்பு பசால்ட், வெளிறியது திராவெர்த்தீன் கல். தூண்களையொட்டி நிற்கும் திருத்தூதர் சிலைகளை 1897இல் அகற்றிவிட்டார்கள், 2019இல்தான் மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். இடப்பக்கச் சிற்றாலயத்தில் அந்தத் துணி இருக்கிறது. வலப்பக்கம் சான் பிரீட்சியோ சிற்றாலயம். இங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள்.

இந்தச் சிற்றாலயத்தின் விதானத்தில் 1447இல் ஃபிரா ஆஞ்சேலிகோ வரைய ஆரம்பித்து, சிறு பகுதியை முடித்துவிட்டுப் போய்விட்டார். ஐம்பது ஆண்டுக்கும் மேல் அப்படியே கிடந்தது. 1499இல் கோர்த்தோனா ஊர்க்காரர் லூக்கா சிஞ்ஞொரெல்லியிடம் கொடுத்தார்கள். விதானத்தை முடித்துவிட்டுச் சுவர்களில் உலகத்தின் முடிவைத் தீட்டினார் அவர். போலிக் கிறிஸ்து மேடையேறிப் பேசுகிறான், சாத்தான் அவன் காதில் ஓதுகிறான். இறந்தவர்கள் மண்ணைப் பிளந்துகொண்டு எழுகிறார்கள். சிலர் முழு உடம்போடு, சிலர் இன்னும் எலும்புக்கூடாக, தண்ணீருக்குள்ளிருந்து கரையேறுவது போல இரு கையையும் ஊன்றி ஏறுகிறார்கள். தண்டனை பெற்றவர்களின் சுவரில் மூச்சுவிட இடமில்லை. உடம்பின் மேல் உடம்பு. மனித உடம்பின் தசையும் நரம்பும் இப்படி வரையப்பட்டது அந்தக் காலத்துக்குப் புதுசு. மைக்கேலாஞ்சலோ இவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதினார். போலிக் கிறிஸ்து ஓவியத்தின் இடது ஓரத்தில் கருப்பு உடையில் இருவர் நிற்பார்கள். ஒருவர் சிஞ்ஞொரெல்லி, இன்னொருவர் ஃபிரா ஆஞ்சேலிகோ. தனக்கு முன்னால் வேலையை ஆரம்பித்த மனிதரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசப்போய்த்தான் உளப்பகுப்பாய்வு அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டுக்கு ஓவியரின் பெயர் மறந்துபோனது. பொத்திச்செல்லி, போல்திராஃபியோ என்று வேறு பெயர்கள் வந்தனவே தவிர சிஞ்ஞொரெல்லி வரவில்லை. ஏன் மறந்தது என்று ஆராய்ந்து 1898இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

சரி, தண்ணீர்க் கவலைக்கு வருவோம். 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது. பல மாதம் அடைபட்டுக் கிடந்த போப் ஏழாம் கிளெமெந்த், டிசம்பரில் மாறுவேடத்தில் தப்பி ஓர்வியேத்தோவுக்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் மணமுறிவு விவகாரமாக 1528இல் தூதர்கள் வந்தபோது, போப் பாழடைந்த மாளிகையில், கிழிந்த திரைகளுக்கு நடுவே இருந்ததைக் கண்டு திகைத்து எழுதினார்கள். ஊரில் பசியும் பஞ்சமும் என்று அவர்கள் கடிதம் சொல்கிறது. முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று போப் பயந்தார். அந்தோனியோ தா சங்காலோ என்ற கட்டடக் கலைஞரிடம் கிணறு வெட்டச் சொன்னார்.

இப்படிக் கிடைத்ததுதான் சான் பத்ரீட்சியோ கிணறு. 53 மீட்டர் ஆழம், 13 மீட்டர் அகலம். நடுவில் கிணற்றுக் குழி, அதைச் சுற்றி ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சுருள் படிக்கட்டுகள். ஒரு வாசலில் இறங்கும் கோவேறு கழுதை அடியில் சின்னப் பாலத்தைக் கடந்து, தண்ணீர்க் குடத்தோடு இன்னொரு படிக்கட்டில் ஏறி இன்னொரு வாசலில் வெளியே வரும். இறங்குகிறதும் ஏறுகிறதும் எதிரெதிரே முட்டவே முட்டாது. படிகள் 248, கழுதைக்கு ஏற்ற மாதிரி தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். 70 சாளரங்கள் வழியாக நடுக்குழியிலிருந்து வெளிச்சம் வரும். மேல் பகுதி தூஃபோவில் வெட்டியது, கீழே களிமண் வந்ததும் செங்கல் கட்டியிருக்கிறார்கள். இறங்கும்போதே சுவர் மாறுவதைக் கவனியுங்கள். பாறை எங்கே முடிகிறது என்பதை ஊரிலேயே கண்ணால் காட்டும் இடம் இது. 1537இல் வேலை முடிந்தபோது கிளெமெந்த் உயிரோடு இல்லை. “இயற்கை கொடுக்க மறுத்த பாதுகாப்பை உழைப்பு சேர்த்தது” என்ற பொருளில் வாசலில் லத்தீன் வரி இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னோடி எத்ருஸ்கர்கள். ஊருக்கு அடியில் 1,200 போல குகைகளும் அறைகளும் இருக்கின்றன. பேராலயச் சதுக்கத்திலிருந்து வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள். அங்கே எத்ருஸ்கர் வெட்டிய கிணறுகளைப் பாருங்கள். ஓர் ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இறங்கும் அகலம்தான். இரு பக்கச் சுவரிலும் காலை வைக்கக் குழிகள். அதே குகைகளில் இடைக்காலத்தில் எண்ணெய்ச் செக்கு ஓடியிருக்கிறது. சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாகப் பொந்துகள் வெட்டிப் புறா வளர்த்திருக்கிறார்கள். சாளரம் வழியாகப் புறா வெளியே பறந்து தானாகவே இரை தேடிக்கொள்ளும், முற்றுகைக் காலத்திலும் கறி கிடைக்கும். ஒயின் வைக்கவும் இந்தக் குளிர்ச்சி உதவியது.

இவ்வளவு குடைந்தால் பாறை என்னவாகும்? அடியிலுள்ள களிமண் நழுவ, விளிம்புகள் சரிய ஆரம்பித்தன. 1970களில் பெரிய சரிவுகள் ஏற்பட்டன. 1978இல் ஓர்வியேத்தோவையும் தோதி என்ற இன்னொரு மலையூரையும் காப்பாற்றவே இத்தாலிய நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. நீளமான எஃகு நங்கூரங்களைப் பாறைக்குள் செலுத்திக் கட்டினார்கள், கழிவுநீரும் மழைநீரும் கண்டபடி கசியாமல் வடிகால் அமைத்தார்கள். இந்த வேலையையும் ஊரின் நினைவுச்சின்னங்களில் ஒன்றாகத்தான் நான் எண்ணுகிறேன். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம் அல்ல, ஆனால் இது நடக்காமல் போயிருந்தால் மற்ற எதுவும் மிஞ்சியிருக்காது.

உங்கள் பகலை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ரோமிலிருந்து காலை ரயிலில் வந்தால் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். நிலையத்துக்கு எதிரிலேயே மேலே ஏற்றிவிடும் கம்பிவட ரயில் இருக்கிறது. 1888இல் தொடங்கியபோது தண்ணீரின் எடையால் ஓடியது, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. மேலே இறங்கியதும் சான் பத்ரீட்சியோ கிணறும், பெல்வெதேரே என்ற எத்ருஸ்கக் கோயிலின் அடித்தளமும் பக்கத்திலேயே. கிணற்றை முதலிலேயே முடித்துவிடுங்கள், காலில் தெம்பு இருக்கும்போது. பிறகு கோர்சோ கவூர் தெரு வழியாக நடந்து, விருப்பமிருந்தால் 47 மீட்டர் மோரோ கோபுரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, மதியம் நிலத்தடிக் குகைகள். குரோச்சிஃபிஸ்ஸோ இடுகாட்டுக்கு ஊரிலிருந்து இறங்கும் பாதை உண்டு. நேரம் குறைந்தால் கோபுரத்தை விட்டுவிடுங்கள், இடுகாட்டை விடாதீர்கள்.

பேராலயத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே போகும் நேரம் முடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது. நீங்கள் சிஞ்ஞொரெல்லியைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வெயில் சாய்ந்திருக்கும். சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் கல் திண்ணை இருக்கிறது, அதில் உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள்.